ஆரணிப் பக்கம் பதினெட்டாம் போர்

பங்குனி பிறந்துவிட்டால் ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரத்து டீக்கடைச் சுவர்களில் புது நோட்டீஸ்கள் ஏறிவிடும். கல்யாண வாழ்த்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் திரௌபதி அம்மன் கோயில்களின் ‘மகாபாரத அக்கினி வசந்த விழா’. கீழே நாள்வாரியாக நிகழ்ச்சி நிரல்: வில் வளைப்பு, ராஜசூய யாகம், துகில், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். கடைசியில் காலை துரியோதனன் படுகளம், மாலை தீமிதி, மறுநாள் தருமர் பட்டாபிஷேகம். தினமும் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. பிரசங்கியார் யார், ஆடும் ஜமா எது என்பது பெரிய எழுத்தில். ‘இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள், விழாக் குழுவினர்’ என்று முடியும். கட்டணம் என்ற வரிக்கு நோட்டீஸில் இடமே கிடையாது.

நாடகம் பார்ப்பதற்கென்றே ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் ஐரோப்பாவில் ஜூலையில் அவின்யோனுக்கும் ஆகஸ்டில் எடின்பரோவுக்கும் போகிறார்கள். இரண்டு விழாக்களும் 1947இல், உலகப் போர் முடிந்த சூட்டில் தொடங்கியவை. அவின்யோனில் ழான் விலார் போப்பாண்டவர் அரண்மனையின் முற்றத்தையே மேடையாக்கினார். இன்று அந்தச் சின்ன ஊரில் ஜூலை வந்தால் அதிகாரபூர்வ விழாவுக்கு வெளியே மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாடகங்கள் நடக்கின்றன. வேலிக் கம்பி, விளக்குக் கம்பம் எதுவும் பாக்கியில்லாமல் சுவரொட்டி தொங்கும். நடிகர்கள் வேஷத்தோடு தெருவில் நின்று துண்டுச் சீட்டு நீட்டுவார்கள்.

அந்த ஊர்ப் பெயர் எனக்கு மனப்பாடமானதற்குக் காரணம் 1985. அந்த ஆண்டு ஜூலையில் பீட்டர் புரூக் அவின்யோனுக்கு வெளியே பூல்போன் கல்குவாரியில் ‘மகாபாரத’த்தை அரங்கேற்றினார். ழான்-கிளோத் காரியேர் எழுதிய ஒன்பது மணி நேர நாடகம். பல நாட்டு நடிகர்கள். திரௌபதியாக நம் மல்லிகா சாராபாய். சில இரவுகளில் பொழுது சாயத் தொடங்கி விடியும்போது முடித்தார்கள். ஐரோப்பியப் பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. ருஸ்தம் பரூச்சா போன்ற விமர்சகர்கள், மண்ணிலிருந்து பிடுங்கிய கதை என்று கடுமையாகத் திட்டினார்கள். விடிய விடிய மகாபாரதம் பார்ப்பதை அதிசயமாக எழுதியவர்களுக்கு, அதையே ஊர் ஊராக, வருஷா வருஷம் செய்துகொண்டிருக்கும் ஒரு நிலப்பரப்பு சென்னையிலிருந்து பேருந்து எட்டும் தூரத்தில் இருப்பது தெரிந்திருக்காது. சென்னையில் இருக்கிற நமக்கே அது பெரிதாகத் தெரியாது. எனவே அவின்யோனுக்குப் பதில் ஆரணிக்கு டிக்கெட் எடுத்தேன்.

காஞ்சிபுரத்தில் பஸ் மாறிப் பாலாற்றைக் கடந்தால் கொஞ்ச தூரத்தில் மாமண்டூர். பெரிய ஏரி, அதன் அருகே பல்லவர் குடைவரைகள். அங்குள்ள கல்வெட்டொன்றில் மத்தவிலாசம் என்ற நாடகத்தின் பெயர் வருகிறது. காஞ்சித் தெருவில் குடித்துவிட்டுத் திரியும் காபாலிகனையும் அவனோடு மல்லுக்கட்டும் புத்த பிட்சுவையும் வைத்து மகேந்திரவர்மன் எழுதிய கேலி நாடகம் அது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ராஜா ஊரைச் சிரிக்கவைக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கூத்து பார்க்கப் போகிறவனுக்கு இது நல்ல சகுனம்.

செய்யாறு தாண்டினால் வழியெல்லாம் நெல். ஆரணியைச் சுற்றி அரிசி ஆலைகள் நிறைய; பக்கத்துக் களம்பூர் பெயரில் விற்கும் பொன்னி அரிசியைத் தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். ஊர் கமண்டல நாகநதிக் கரையில். பெயரில் இருக்கும் தண்ணீர் ஆற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. கோட்டைப் பக்கம் போனால் சரித்திரம் கொஞ்சம் கிடைக்கும்: 1751இல் ராபர்ட் கிளைவ் இங்கே ஒரு சண்டையில் ஜெயித்தார்; 1782இல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் இங்கே மோதினார்கள். மராட்டிய ஜாகீர்தார்கள் விட்டுப்போன சத்தியவிஜயநகரம் அரண்மனை ஐரோப்பியப் பாணித் தூண்களோடு வெயிலில் நிற்கிறது. இதற்கெல்லாம் ஒரு மத்தியானம் போதும். ஆரணியின் சத்தம் வேறிடத்தில் இருக்கிறது.

அந்தச் சத்தம் திண்ணை வீடுகளின் உள்ளேயிருந்து வருகிறது. ஆரணியும் சுற்றியிருக்கும் ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களும் பட்டுத் தறி ஊர்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. காஞ்சிப் பட்டை விட எடை குறைவு, அதனால் உடுத்தச் சுகம் என்பார்கள் இந்த ஊர்க்காரர்கள். காஞ்சிபுரத்துக்காரர்கள் அதே விஷயத்தை வேறு தொனியில் சொல்வார்கள்.

நான் தங்கியது ஷேர் ஆட்டோ போகும் தூரத்தில் ஒரு சிற்றூரில், நெசவாளர் ஒருவரின் வீட்டில். விருந்தாளியாகப் போன இடம் என்பதால் ஊர்ப் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். அண்ணன் என்றே சொல்கிறேன். வீட்டின் முன்கூடமே தறிக் கூடம். தரையில் குழி, அதில் கால்களை இறக்கி உட்கார்ந்து மிதியை மிதிக்கிறார். நாடா இடமும் வலமும் பாய்கிறது. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் துளைபோட்ட அட்டைகள் கோத்த மாலை தொங்குகிறது. மிதியை ஒருமுறை அழுத்தினால் அட்டை ஒன்று நகரும். துளை உள்ள இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் கிடக்கும். அப்படி எழும்பியும் கிடந்தும் கரையில் ஒரு மயிலின் கழுத்து மட்டும் உருவாகியிருந்தது. மயிலுக்குத் தலை வர மத்தியானம் ஆகும் என்றார். அக்கா வாசலில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்டி பிரெஞ்சுக்காரரின் கைவேலை. லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் காப்புரிமை வாங்கிய எந்திரம். லியோன் அந்தக் காலத்தில் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து தெற்கே ஓடும் ரோன் ஆறுதான் அவின்யோன் பாலத்தடியிலும் ஓடுகிறது. ஆற்றின் மேல்பக்கத்து ஊர் நமக்கு ஜக்கார்டு தந்தது. கீழ்ப்பக்கத்து ஊர் நம் பாரதத்தை வாங்கிக்கொண்டது. இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் பிரமிக்கவில்லை. “அவங்களும் கூலிக்குத்தான் நெஞ்சாங்களா?” என்று கேட்டார். ஆமாம், கூலிக்குத்தான். 1831இல் லியோன் நெசவாளர்கள் கூலி விகிதத்தை உயர்த்தச் சொல்லித் தெருவில் இறங்கினார்கள். நகரமே சில நாள் அவர்கள் கையில் இருந்தது. அண்ணன் நாடாவை நிறுத்திவிட்டு அதை மட்டும் முழுதாகக் கேட்டார்.

அவர் எனக்குப் பதில் கதை ஒன்று சொன்னார். துகில் ஆட்டத்தன்று நடந்தது. இழுக்க இழுக்கச் சேலை வளர்ந்து துச்சாதனன் களைத்து விழுந்ததும், கட்டியக்காரன் முன்னால் வந்து வானத்தைப் பார்த்துக் கேட்டானாம்: “பரமாத்மா, இம்மாஞ் சேலையும் எந்த முதலாளிகிட்ட பாவு வாங்கி நெஞ்சது? கூலி வந்துச்சா, இல்ல வர்ற வாரம் பாக்கலாம்னு அனுப்பிட்டாங்களா?” ஊரே சிரித்ததாம். முதலாளிகளும் முன் வரிசையில்தான் இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள் என்றார்.

கட்டியக்காரன் இந்த நாடகத்தில் அரசனின் சேவகன், வாயில்காப்போன், கதையைச் சொல்பவன், கதையைக் கெடுப்பவன். துரியோதனனையும் ஊராட்சித் தலைவரையும் ஒரே மூச்சில் கிண்டல் செய்யும் உரிமை அவனுக்கு உண்டு. லியோனிலும் இதே உரிமையோடு ஒருவன் இருந்தான். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த லோரான் மூர்கே என்பவர் 1808 வாக்கில் உருவாக்கிய கிஞோல் பொம்மை. அவனும் பட்டு நெசவாளிகளின் பேச்சில் பேசி முதலாளியையும் போலீஸ்காரனையும் தடியால் அடிப்பான். தறி இருக்கும் ஊரில் இப்படி ஒருத்தன் தேவைப்படுகிறான் போலிருக்கிறது.

விழாவின் பண விவகாரத்தையும் பார்க்க வேண்டும். அவின்யோனுக்கு அரசு மானியம், நகராட்சிப் பணம், டிக்கெட். இங்கே தலைக்கட்டு வரி. கல்யாணமாகித் தனிக் குடித்தனம் போன ஒவ்வொரு ஆண் பேரிலும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடி முடிவு செய்யும். பெங்களூரிலும் திருப்பூரிலும் இருப்பவர்கள் ஜிபேயில் அனுப்புகிறார்கள். ஜமா வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துக் கொடுத்ததும் ஒப்பந்தம் முடிந்தது. வரி கட்டியவனுக்கு ஆட்டத்தைக் குறைசொல்லும் உரிமையும் சேர்ந்தே வருகிறது. “போன வருஷ ஜமாவுல கர்ணனுக்குத் தொண்ட சரியில்ல, மாத்திட்டோம்” என்று விழாக் குழு இளைஞர் சொன்னது நினைவிருக்கிறது. எந்தக் கலை விமர்சகருக்கும் இந்த அதிகாரம் கிடைத்ததில்லை.

இதில் மயங்கிவிடவும் கூடாது. வரி கட்டுபவர் யார் என்று தீர்மானிப்பதே சில ஊர்களில் யாரை உள்ளே விடுவது என்பதைத் தீர்மானிக்கிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்களை விட மறுத்த தகராறில், 2023 ஜூனில் கோயிலுக்கே அதிகாரிகள் சீல் வைத்தார்கள். சபையில் நியாயம் கேட்ட பெண்ணுக்கான கோயில் அது. பிரசங்கியார்கள் இதைப் பிரசங்கத்தில் எடுத்துப் பேச வேண்டும் என்பது என் ஆசை. நான் கேட்ட அன்று யாரும் பேசவில்லை.

கர்ண மோட்சம் இரவு பத்து மணிக்கு என்று நோட்டீஸ் சொன்னது. பத்து மணிக்கு வேஷம் கட்டவே உட்கார்ந்தார்கள். கோயிலுக்கு எதிரே காலி மனையில் கீற்றுப் பந்தல், இரண்டு டியூப் லைட், கயிற்றில் தொங்கும் மைக், ஒரு மரப் பெஞ்சு. பெஞ்சின் பின்னால் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை. மூன்று பக்கமும் சனம் பாய் விரித்திருந்தது. பின்னால் ஒரு மறைப்புக்குள் கர்ணன் கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன் முகத்தைத் தானே எழுதிக்கொண்டிருந்தார். முதலில் அரிதாரம், பிறகு புருவம், கன்னத்தில் வெள்ளைப் புள்ளிகள். பிறகு கட்டைகள்: தோளுக்குப் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம், தலைக்குக் கிரீடம். எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் தங்கத் தாளும் ஒட்டியவை. உடம்போடு அவற்றை இறுக்கிக் கட்ட இன்னொருவர் வேண்டும். முதுகில் முட்டுக் கொடுத்துக் கயிறை இழுத்தார் அந்த இன்னொருவர். கர்ணன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம், ஆடுறப்ப கழண்டுக்கும்” என்றார்.

நடுநிசிக்கு முன்னால் மேளம் எழுந்தது. முகவீணை நாயனத்தை விடச் சின்னது. சத்தம் மைக் இல்லாமலே அடுத்த ஊருக்குப் போகும். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் மேலே கிரீடத்தின் உச்சியும் கீழே சலங்கைக் கால்களும் மட்டும் தெரிந்தன. திரைக்குப் பின்னாலிருந்தே கர்ணன் விருத்தம் பாடினார். திரை சற்று இறங்கும், முகம் தெரியும், மறுபடி ஏறும். நேரத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஒருவழியாகத் திரை விலகியதும் அவர் சுழன்ற சுழற்சியில் கட்டைகளின் கண்ணாடிச் சில்லுகள் டியூப் லைட்டை உடைத்துச் சனத்தின் மேல் வீசின. பின்னாலிருந்த பையன்கள் விசிலடித்தார்கள்.

ஒரு மணிக்கெல்லாம் பாதிச் சனம் தூக்கம். கூத்தில் தூங்குவது குற்றமில்லை. என் பக்கத்தில் படுத்திருந்த பாட்டி இரண்டு மணி வாக்கில் தானாக எழுந்து உட்கார்ந்து, “பொன்னுருவி வந்துட்டாளா?” என்றார். வந்துகொண்டிருந்தாள். கர்ணனின் மனைவி பொன்னுருவி, பிறப்புத் தெரியாதவன் என்று புருஷனை ஒதுக்கி வைத்திருப்பவள்; போருக்குப் புறப்படும் முன் அவன் விடைபெற வரும் இடம்தான் இந்த இரவின் உயிர். அந்த வேஷம் கட்டியவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண். மீசை மழித்த இடம் பச்சையாகத் தெரிந்தது. ஆனால் அவர் கதவை மூடுவதுபோல ஒரு கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டபோது பெண்கள் பக்கத்தில் ஒருத்தி உரக்கவே, “பாவம்டீ அவன், பேசு” என்றாள். பாட்டி இதை எத்தனை வருஷமாகப் பார்க்கிறாரோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றிலை மடித்தார். பொன்னுருவி முடிந்ததும் மறுபடி படுத்துவிட்டார். கர்ணன் சாவதற்கு எழவில்லை.

அண்ணன் என்னோடு மூன்று மணி வரை இருந்துவிட்டுப் போனார். காலையில் சேலையை அறுத்துக் கொடுத்தாக வேண்டுமாம். கர்ணனின் தேர்ச் சக்கரம் மண்ணில் இறங்கிய நேரத்தில் ஊருக்குள் எங்கோ ஒரு தறி ஓடத் தொடங்கியது எனக்குக் கேட்டது.

இந்த வட்டாரத்துக் கூத்தை உலகம் கேள்விப்படாமல் இல்லை. செய்யாறு வட்டத்துப் புரிசைக் கிராமத்துத் தம்பிரான் பரம்பரை அதை எழுபதுகளிலேயே சென்னை நவீன நாடகக்காரர்களின் கண்ணில் கொண்டுவந்து நிறுத்தியது. ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறைக்குப் பெயரும் உரமும் அங்கிருந்து வந்தவை. கண்ணப்ப தம்பிரான் 2003இல் காலமானார். அவர் நினைவாகப் புரிசையிலேயே ஆண்டுதோறும் இரவு முழுக்க நாடக விழா நடக்கிறது. காஞ்சிபுரத்துப் பக்கம் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் குழந்தைகளும் கட்டை கட்டி ஆடக் கற்றார்கள். ஆண்களே திரௌபதியாக ஆடிய கலையில் அது சிறிய காரியமில்லை.

பிறகு 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதல்கள். அடுத்த சில வாரங்களில் பிரெஞ்சு நாடக இயக்குநர் அரியான் முனூஷ்கின் தன் ‘தியாத்ர் து சொலேய்’ குழுவோடு புதுச்சேரிக்கு வந்தார். இந்தக் காலத்தில் நாடகம் எதற்கு என்ற கேள்வியோடு வந்தவர்களுக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தெருக்கூத்து சொல்லிக் கொடுத்தார். 2016இல் பாரிஸின் விளிம்பில், ஒரு காலத்தில் தோட்டா தயாரித்த தொழிற்சாலையில், ‘இந்தியாவில் ஓர் அறை’ அரங்கேறியது. நடுவில் பிரெஞ்சு நடிகர்கள் கட்டை கட்டித் துகிலுரிதலும் கர்ணன் சாவும் ஆடினார்கள். புரூக் கதையை எடுத்துக்கொண்டு போனார். முனூஷ்கின் ஆசானையும் ஆட்டத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எனக்கு இரண்டாவது வழி பிடிக்கிறது. வாத்தியாருக்குத் தாம்பூலம் வைப்பது இந்தப் பக்கத்து மரியாதை அல்லவா?

படுகளத்தன்று காலை துரியோதனன் ஊர் மைதானத்தில் மல்லாந்து கிடந்தான். களிமண்ணில் செய்த உருவம். தலையிலிருந்து கால் வரை அளந்தால் அறுபது எழுபது அடிக்குக் குறையாது. முந்தின நாளிலிருந்து மண்ணைக் குழைத்து அடுக்கியிருக்கிறார்கள். பிதுங்கிய கண், முறுக்கிய மீசை, கையில் கதை. இரவு முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடி முடித்த பீமனும் துரியோதனனும் வேஷம் கலையாமலே அங்கு வந்து, அந்த மண் உடம்பின் மேல் ஏறி ஓடிச் சண்டை போட்டார்கள். உயிருள்ள துரியோதனன் மண் துரியோதனனின் மார்பில் நின்று பீமனைத் திட்டுவான், பீமன் துரத்துவான், இவன் கூட்டத்துக்குள் புகுந்துவிடுவான். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரின் அரிதாரமும் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. கிருஷ்ணன் தன் தொடையைத் தட்டிச் சைகை காட்டினான். பீமன் மண் தொடையில் அடித்தான். உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து சிவப்பு நீர் கசிந்தது.

அந்தச் சிவப்பைத் தொட்டுத் திரௌபதியின் கூந்தலை முடித்தார்கள். சபையில் அவிழ்ந்த கூந்தல். அந்த நிமிஷத்தில் கூட்டத்தில் ஏழெட்டுப் பெண்களுக்கு அருள் வந்தது. தாங்கிப் பிடிக்க ஆள் ஓடினார்கள். அதற்கு இரண்டடி தள்ளி, துரியோதனன் வீட்டுப் பெண் வேஷக்காரர் முறத்தையும் துடைப்பத்தையும் வைத்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். ஒப்பாரியில் புருஷனுக்குத் துடைப்ப அடியும் விழ, ஜனம் சிரித்தது. அழுகை, அருள், சிரிப்பு மூன்றும் ஒரே மைதானத்தில் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் நடப்பதை நான் வேறெந்த அரங்கிலும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் துரியோதனனின் உடம்பு குறையத் தொடங்கியது. அவன் மண்ணைப் பிடி பிடியாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். நெல் குதிரில் போட்டால் விளைச்சல் குறையாது என்று நம்பிக்கை. நெசவு வீடுகளில் தறிக் குழியின் ஓரத்தில் வைப்பதுண்டா என்று அக்காவைக் கேட்டேன். “அதெல்லாம் நிலம் வச்சிருக்கறவங்களுக்கு” என்றார். ஆனாலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

மாலையில் தீமிதி. விரதம் இருந்தவர்கள் மஞ்சள் துணியில் வரிசையாக இறங்கினார்கள். தீயணைப்பு வண்டி ஓரமாக நின்றது.

மறுநாள் தருமருக்குப் பட்டாபிஷேகம் முடிந்ததும் மைக் விழாக் குழுப் பொருளாளர் கைக்குப் போனது. வரவு, செலவு, பந்தல், மின்சாரம், ஜமா, பூ, கரகம் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். ஜமாவின் வேனில் கட்டைப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. கர்ணன் லுங்கியும் பனியனுமாக வேனின் படியில் உட்கார்ந்து, அடுத்த ஊருக்குச் செய்யாறு வழியா வந்தவாசி வழியா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே அன்றைக்கு ராத்திரி வில் வளைப்பு, திரௌபதிக்குக் கல்யாணம். பொருளாளர் வரி பாக்கி வைத்திருக்கும் தலைக்கட்டுகளின் பெயரைப் படிக்கத் தொடங்கினார். மூன்றாவது பெயர் அண்ணனுடையது. அவர் என் பக்கத்திலிருந்தே கையைத் தூக்கி, “சேல முந்தாநேத்துதான் குடுத்திருக்கேன், வெள்ளிக்கிழம கூலி வந்ததும் கட்டிடறேன், எழுதிக்க” என்று கத்தினார். பொருளாளரும் எழுதிக்கொண்டார்.